பேச அனுமதி இல்லை

ஆறு கவுண்டிகள் – பகுதி 14

சென்ற வாரம் பர்ன்டோலெட் பாலத்தருகே நிறுத்தியிருந்தோம். 1969 ஜனவரி 4. சம உரிமை கேட்டு பெல்ஃபாஸ்டிலிருந்து டெர்ரிக்கு நான்கு நாள் நடந்து வந்த மாணவர் ஊர்வலத்தின் மீது மேட்டிலிருந்து கல்மழை பொழிந்தது. தடிகளோடு இறங்கி அடித்தவர்களில் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்த துணைக் காவல் படையினரும் இருந்தார்கள்.

அவர்கள் கேட்டது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் அப்போது வீட்டுக்கு வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. ஒண்டுக்குடித்தனம் இருப்பவருக்குக் கிடையாது. கம்பெனி வைத்திருப்பவருக்கோ கூடுதல் ஓட்டுகள். டெர்ரி நகரத்தில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் வட்டங்களை வளைத்து வளைத்துப் பிரித்ததில் மாநகராட்சியில் பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்டுகள் 12 பேர், எதிர்த்தரப்பு 8 பேர். வீடு யாருக்கு என்று முடிவு செய்வதும் அந்த 12 பேர்தான். வீடு இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. இந்தச் சுழலைத்தான் மாணவர்கள் உடைக்கப் பார்த்தார்கள்.

அன்று பாலத்தருகே அடிபட்டவர்களில் குக்ஸ்டவுன் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தார். தச்சர் ஒருவரின் மகள். ஒன்பது வயதில் தந்தை போனார். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது தாயும் போனார். ஆறு பிள்ளைகளில் மூன்றாவது. குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பு. வயது 21. பெயர் பெர்னடெட் டெவ்லின்.

மூன்றரை மாதம் கழித்து அவர் லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்.

* * *

யாரும் உட்காராத நாற்காலி

மிட் அல்ஸ்டர் தொகுதியின் முன்கதை தெரிந்தால்தான் இந்த வெற்றியின் எடை தெரியும்.

1955 பொதுத்தேர்தலில் அங்கே ஜெயித்தவர் டாம் மிட்செல். ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் சின் ஃபெய்ன் கட்சியின் வேட்பாளர். ஓமா ராணுவ முகாமின் மீது நடந்த தாக்குதலுக்காகச் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். தண்டனைக் கைதி எம்.பி. ஆக முடியாது என்று வெற்றி ரத்தானது. இடைத்தேர்தல் வந்தது. மிட்செல் மறுபடியும் நின்றார், முன்னைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். மறுபடியும் ரத்து. இம்முறை தோற்றவருக்கே இடத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவரும் அரசு ஊதியம் பெறும் பொறுப்பில் இருந்தவர் என்று தெரியவந்து, அவர் பதவியும் போயிற்று!

1956இல் மூன்றாவது முறையாக ஓட்டுப் பெட்டி வந்தது. இந்தத் தடவை யூனியனிஸ்டுகளுக்கு எதிரான வாக்கு இரண்டாகப் பிரிந்தது. மிட்செலோடு இன்னொரு தேசியவாதியும் களத்தில் நின்றார். இடையில் புகுந்து ஜெயித்தவர் ஜார்ஜ் ஃபாரஸ்ட். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அவரை யாரும் அசைக்கவில்லை.

இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு வாக்கு சேர்ந்தால் யூனியனிஸ்ட் தோற்பார், பிரிந்தால் ஜெயிப்பார். மிட் அல்ஸ்டரின் அரசியல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின் ஃபெய்ன்காரர்கள் ஜெயித்தாலும் லண்டன் போகமாட்டார்கள். பிரிட்டிஷ் மகுடத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பது அவர்களுக்குக் கொள்கைத் துரோகம். ஆகவே மிட் அல்ஸ்டர் கத்தோலிக்கர் முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, தன் ஆளை ஜெயிக்க வைத்து நாற்காலியைக் காலியாக வைப்பது. இல்லையென்றால், பிரிந்து நின்று எதிரியை உட்கார வைப்பது.

1968 டிசம்பரில் ஃபாரஸ்ட் இறந்தார். இடைத்தேர்தல் 1969 ஏப்ரல் 17க்கு முடிவானது. யூனியனிஸ்ட் கட்சி அவருடைய மனைவியையே வேட்பாளராக நிறுத்தியது. அனுதாப வாக்குக்கு உலகம் முழுவதும் ஒரே மொழிதான்.

எதிர்த்தரப்பில் பழைய பாணித் தேசியவாதிகளுக்கு ஒரு ஆள் மனத்தில் இருந்தார், சின் ஃபெய்ன் பக்கத்துக் குடியரசுவாதிகளுக்கு வேறொருவர். இரண்டு பேரும் நின்றால் 1956தான் திரும்பும். பேசிப் பேசி ஓய்ந்தபின் எல்லோரும் சகித்துக்கொள்ளக்கூடிய ஒரே பெயராக மிஞ்சியது பெர்னடெட். பிப்ரவரியில் நடந்த ஸ்டோர்மான்ட் (வட அயர்லாந்துச் சட்டமன்ற) தேர்தலில் ஜேம்ஸ் சிச்செஸ்டர்-கிளார்க் என்ற பெரிய நிலக்கிழாரை எதிர்த்து நின்று, தோற்றாலும் மிரட்டிவிட்டு வந்தவர். கட்சி முத்திரை இல்லாதவர். அதனால் எந்தக் கட்சிக்கும் அவர்மேல் பழைய பகை கிடையாது.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஜெயித்தால் லண்டன் போவேன், நாற்காலியில் உட்காருவேன், உங்களுக்காகச் சண்டை போடுவேன். பிரச்சார முழக்கமே அதுதான். குடியரசுவாதிகள் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

தொகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். டெவ்லின் 33,648. திருமதி ஃபாரஸ்ட் 29,437. வித்தியாசம் 4,211.

காமன்ஸ் சபைக்கு அதுவரை தேர்வான பெண்களிலேயே மிக இளையவர் அவர்தான். அந்தச் சாதனை உடைய 2015 வரை, ஸ்காட்லாந்திலிருந்து 20 வயதுப் பெண் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

* * *

ஏப்ரல் 22

வெற்றிக் கொண்டாட்டத்துக்கு நேரமில்லை. அந்த வார இறுதியிலேயே டெர்ரியின் பாக்சைடு பகுதி பற்றி எரிந்தது. போலீஸ் வீடுகளுக்குள் புகுந்து அடித்தது. புது எம்.பி. லண்டனுக்குப் பெட்டி கட்டாமல் பாக்சைடில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 22, அவர் காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். மறுநாள் அவருக்கு 22ஆவது பிறந்தநாள். வட அயர்லாந்து நிலைமை பற்றி அவசர விவாதம் நடக்கவிருந்த நாள் அது. பிரமாணம் எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பேச எழுந்துவிட்டார்.

கன்னிப்பேச்சுக்கு அந்தச் சபையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புது உறுப்பினர் கொஞ்ச நாள் காத்திருப்பார். பிறகு எழுந்து தொகுதியின் அழகை வர்ணிப்பார், முன்னவரைப் புகழ்வார், சர்ச்சையைத் தொடமாட்டார். பதிலுக்கு மற்றவர்களும் குறுக்கிடமாட்டார்கள். வந்த அன்றே, அதுவும் சர்ச்சையான விஷயத்தில் பேசுவது எழுதப்படாத மரபை மீறுவதுதான் என்று பெர்னடெட் முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டார். என் மக்களின் நிலைமைக்கு இந்த மீறல் தகும் என்றார்.

அவருக்கு முன்னால் பேசி உட்கார்ந்தவர் ராபின் சிச்செஸ்டர்-கிளார்க். டெர்ரி அடங்கிய லண்டன்டெர்ரித் தொகுதி உறுப்பினர். பிப்ரவரியில் பெர்னடெட்டைத் தோற்கடித்த ஜேம்ஸின் தம்பி! பாக்சைடு கலவர இரவைத் தான் நேரில் பார்த்ததாக அவர் சொல்லியிருந்தார்.

நானும் அன்றிரவு அங்கேதான் இருந்தேன், என்று தொடர்ந்தார் பெர்னடெட். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் தலையில் கீறல் விழும்போதெல்லாம் உச்சுக்கொட்டியபடி உலாத்தவில்லை. தடுப்பு எழுப்பிக்கொண்டிருந்தேன். போலீஸ் உள்ளே வந்தால் ஆபத்து என்று தெரிந்ததால் எழுப்பினேன்.

சட்டம் இயற்றும் சபையில் நின்று, தெருவில் தடுப்பு கட்டினேன் என்று ஒரு எம்.பி. சொல்கிறார். சபை முறைக்கவில்லை. ரசித்தது.

பேச்சின் உள்ளடக்கம்தான் இன்று படிக்கும்போது அதிகம் உறுத்துகிறது. இதைக் கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்ட் சண்டை என்று பார்க்காதீர்கள் என்றார். ஏழை புராட்டஸ்டன்ட்டையும் ஏழை கத்தோலிக்கரையும் ஒரே முதலாளி வர்க்கம் மோதவிட்டு ஆளுகிறது என்பது அவர் வாதம். சமரசம் பேசிக்கொண்டிருந்த வட அயர்லாந்துப் பிரதமர் டெரன்ஸ் ஓ'நீலால் எதையும் மாற்ற முடியாது என்றார். அது ஆறு நாளில் பலித்தது. ஏப்ரல் 28 அன்று ஓ'நீல் ராஜினாமா செய்தார். அடுத்த பிரதமர் யார்? அதே ஜேம்ஸ் சிச்செஸ்டர்-கிளார்க். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்.

பேச்சின் முடிவில் ராணுவம் பற்றிப் பேசினார். பிரிட்டிஷ் துருப்புகளை அனுப்பலாம் என்ற யோசனை அப்போதே காற்றில் இருந்தது. அப்படி அனுப்பப்படும் சிப்பாயின் தாயாகவோ சகோதரியாகவோ இருக்க நான் விரும்பமாட்டேன் என்றார். அந்த வாக்கியத்தில் மிரட்டல் இருந்தது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் கணிப்புதான் தெரிகிறது. துருப்புகள் இறங்க இன்னும் நான்கு மாதம்கூட இல்லை.

உட்கார்ந்ததும் இரு பக்கத்திலிருந்தும் பாராட்டு. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வித்தியாசம் இல்லை. பத்திரிகைகள் குட்டைப் பாவாடை அணிந்த புரட்சிப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டன. மறுநாள் முதல் அவர் பிரபலம்.

ஆனால் அந்தப் பேச்சு கேட்ட எதையும் சபை செய்யவில்லை. ஒரு தீர்மானம்கூட இல்லை. அன்று அவரைக் கேட்டவர்கள் நாடகம் பார்க்க வந்தவர்கள் போலக் கேட்டார்கள். இதை அவர் அன்றே உணர்ந்தாரா என்று சொல்ல முடியாது. சபையின் கைதட்டலை அவர் அதற்குப் பிறகு தேடிப்போகவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

* * *

தெருவும் சிறையும்

அடுத்த இரண்டரை ஆண்டுகளை வேகமாகக் கடப்போம்.

1969 ஆகஸ்ட் 12. டெர்ரியில் புராட்டஸ்டன்ட் அமைப்பினரின் வருடாந்திர அணிவகுப்பு. பாக்சைடு மறுபடி வெடித்தது. மூன்று நாள் சண்டை. நடைபாதைக் கல்லை உடைத்துக் கொடுத்தபடியும், ஒலிபெருக்கியைப் பிடித்து ஆட்களை ஏவியபடியும் எம்.பி. நிற்கும் படங்கள் உலகம் முழுவதும் போயின. 14ஆம் தேதி மாலை பிரிட்டிஷ் ராணுவம் நகருக்குள் வந்தது. பாக்சைடு மக்கள் சிப்பாய்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். போலீஸிடமிருந்து காப்பாற்ற வந்தவர்கள் அல்லவா!

அதே மாதம் அமெரிக்கா போனார். ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்டைச் சந்தித்தார். நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே நகரத்தின் சாவியைக் கொடுத்து கௌரவித்தார். அந்தச் சாவி பிறகு கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் இயக்கத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் கொடுத்த ஐரிஷ் அமெரிக்கப் பெரியவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. தங்கள் ஊர்ப் பிள்ளை என்று நினைத்துக் கைதூக்கிவிட்டவர், தங்களுக்குப் பிடிக்காதவர்களோடு போய் நின்றால்? இவர் அப்படித்தான். ஆதரவு தருகிறவர் எதிர்பார்க்கும் இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

டிசம்பரில் கலவரத்தைத் தூண்டியதாக ஆறு மாதச் சிறைத்தண்டனை. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே 1970 ஜூன் 18 பொதுத்தேர்தல். மிட் அல்ஸ்டர் அவரையே திரும்ப அனுப்பியது. எட்டு நாள் கழித்து, டெர்ரிக்குக் காரில் போகும் வழியில் போலீஸ் மறித்துக் கைது செய்தது. அர்மா பெண்கள் சிறையில் நான்கு மாதம். டாம் மிட்செலைப்போல இவரும் சிறைக்குள் எம்.பி. ஆனால் இவர் பதவி போகவில்லை.

லண்டனில் இப்போது ஆட்சி மாறியிருந்தது. எட்வர்ட் ஹீத் பிரதமர். உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங். வட அயர்லாந்து அவர் துறையில்தான் வரும். முதல் முறை பெல்ஃபாஸ்ட் போய்விட்டுத் திரும்பும் விமானத்தில் ஏறியதும் பெரிய விஸ்கி ஒன்று கேட்டு, என்ன கண்றாவி நாடு இது என்று அலுத்துக்கொண்டாராம். பல புத்தகங்களில் வரும் கதை. 1971 டிசம்பரில் அவர் சொன்னதற்கோ பதிவு இருக்கிறது. வன்முறையை 'சகித்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு'க் குறைப்பதே நோக்கம் என்றார். சகிக்க வேண்டியவர் யார் என்று சொல்லவில்லை.

1971 ஆகஸ்ட் 9 அதிகாலையில் விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் பாய்ந்தது. முதல் வேட்டையில் 342 பேர். தேநீர் கொடுத்த தெருக்களில் இப்போது ராணுவ லாரிகள் மீது கல் விழுந்தது.

அந்தக் கோடையில் பெர்னடெட்டுக்கு வேறொரு சண்டையும் வந்து சேர்ந்தது. தான் கர்ப்பமாக இருப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். திருமணம் ஆகவில்லை. தந்தை யார் என்று சொல்லவும் மறுத்தார். ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. கல் எறிந்ததைப் பொறுத்துக்கொண்ட தொகுதியின் ஞாயிற்றுக்கிழமைக் கத்தோலிக்கர்களில் பலரால் இதைப் பொறுக்க முடியவில்லை. பாதிரியார்களும் முகம் திருப்பினார்கள். 4,211 வாக்கு வித்தியாசம் யாருடைய வாக்குகளால் வந்ததோ, அவர்கள்தான் இவர்கள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை

1972 ஜனவரி 30. டெர்ரி.

விசாரணையற்ற சிறையை எதிர்த்து ஊர்வலம். ஊர்வலங்களுக்குத் தடை இருந்தது. தடையை மீறி, கிரெகன் குடியிருப்பிலிருந்து பல்லாயிரம் பேர் கிளம்பினார்கள். குளிர்கால வெயில். குழந்தை குட்டிகளோடு வந்தவர்களும் உண்டு. போய்ச் சேரவேண்டிய இடம் நகர மன்றமான கில்ட்ஹால்.

ராணுவம் வழியை அடைத்து நின்றது. ஏற்பாட்டாளர்கள் மோதல் வேண்டாம் என்று ஊர்வலத்தைப் பாக்சைடுக்குள் திருப்பினார்கள். பொதுக்கூட்டத்துக்கு ஒரு லாரிதான் மேடை. அதில் 83 வயது லார்டு ஃபென்னர் பிராக்வே. இந்திய விடுதலைக்காகக் குரல் கொடுத்த அதே பிராக்வேதான். பக்கத்தில் பெர்னடெட். தடுப்பு அருகே இளைஞர்கள் சிலர் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். அது அந்த ஊரில் தினப்படி நடப்பு.

நான்கு மணி தாண்டிச் சில நிமிடம். பாரசூட் படையின் முதல் பட்டாலியன் தடுப்பைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தது.

மேடைப் பக்கம் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. சுடும் சத்தம் கேட்டது. ரப்பர் குண்டு என்று முதலில் நினைத்தவர்களும் அடுத்த நொடியில் தரையில் படுத்தார்கள். பிராக்வேயும் பெர்னடெட்டும் லாரியில் குனிந்தார்கள்.

ஏறக்குறைய பத்து நிமிடம். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். 13 பேர் செத்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கு வயது 17. காயம்பட்ட இன்னொருவர் சில மாதம் கழித்து இறந்தார். சாகும் பையனைத் தூக்கி வந்தவர்களுக்கு முன்னால் எட்வர்ட் டாலி என்ற பாதிரியார் ரத்தம் தோய்ந்த கைக்குட்டையை அசைத்துக்கொண்டு குனிந்து நடந்தார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

இரவு முழுவதும் டெர்ரி வீடுகளில் யார் யார் திரும்பவில்லை என்று கணக்கெடுத்தார்கள். மிட் அல்ஸ்டர் உறுப்பினர் லண்டனுக்குக் கிளம்பினார்.

* * *

திங்கட்கிழமை

ஜனவரி 31 பிற்பகல். காமன்ஸ் சபை நிரம்பி வழிந்தது. மாட்லிங் அறிக்கை படிக்க எழுந்தார். பக்கத்தில் ஹீத்.

தங்களை நோக்கிச் சுட்டவர்களுக்கு ராணுவம் குறிபார்த்துப் பதில் சுட்டது. துப்பாக்கியும் குண்டும் கொண்டு தாக்கியவர்களில் சிலருக்குச் சேதம். இதுதான் அறிக்கையின் சாரம். சுயேச்சையான விசாரணை நடக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். அதாவது விசாரணை இன்னும் தொடங்கவில்லை, முடிவு மட்டும் வந்துவிட்டது.

பெர்னடெட் எழுந்தார். சபாநாயகர் அழைக்கவில்லை. வேறொருவரை அழைத்தார். மறுபடி எழுந்தார். அழைக்கவில்லை.

ஒரு சம்பவத்தை நேரில் பார்த்த உறுப்பினர் சபையில் இருந்தால், அவருக்குப் பேச வாய்ப்புத் தருவது அந்தச் சபையின் வழக்கம். ஏப்ரல் 22 அன்று அவர் மீறியதும் எழுதப்படாத மரபுதான். அதை மன்னித்தவர்கள், இன்று அவருக்குச் சாதகமான எழுதப்படாத மரபை மறந்துபோனார்கள்.

சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் செல்வின் லாய்ட். 1956 சூயஸ் நெருக்கடியின்போது வெளியுறவு அமைச்சர். எகிப்தைத் தாக்க இஸ்ரேலோடு முன்கூட்டி உடன்பாடு எதுவும் இல்லை என்று இதே சபையில் சொன்னவர். அந்த உடன்பாடு பேசப்பட்ட ரகசியச் சந்திப்புக்குப் பாரிஸ் பக்கம் அவரே போய் வந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. சபையில் உண்மை எப்போது பேசப்படலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர் அவர். பழிக்குச் சொல்லவில்லை, வரலாற்றுக்கு இப்படி ஒரு குறும்பு உண்டு.

பெர்னடெட் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். நேற்று அங்கே இருந்தவள் இந்தச் சபையில் நான் ஒருத்திதான் என்றார். கூச்சல். வாயை மூடுங்கள் என்று திருப்பிக் கத்தினார். கண்ணால் பார்த்த சாட்சி என்ற முறையில் "அந்தக் கொலைகார வேடதாரி"யிடம் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்றார்.

அப்படி ஒரு உரிமை கிடையாது, நான் அழைத்தால்தான் உண்டு என்றார் சபாநாயகர்.

எனக்குத் தெரிந்ததைச் சபைக்குச் சொல்ல விடாவிட்டால், எனக்குள் இருப்பதை மாட்லிங்கிடமே சொல்கிறேன். இதைச் சொல்லிக்கொண்டே பெர்னடெட் தன் இருக்கையிலிருந்து இறங்கினார். நடுவில் இருந்த வெளியைக் கடந்தார். யாருக்கும் என்ன நடக்கப் போகிறது என்று புரியவில்லை.

மாட்லிங்கின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். கன்னத்தில் அறைந்தார்.

உறுப்பினர்கள் ஓடிவந்து விலக்கினார்கள். மாட்லிங் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே வந்ததும் நிருபர்கள் சூழ்ந்தார்கள். வருத்தம் தெரிவிப்பீர்களா? வருத்தம் உண்டு என்றார் பெர்னடெட். கழுத்தைப் பிடிக்காமல் விட்டோமே என்றுதான்.

* * *

மறுநாள் பேச்செல்லாம் அந்த அறையைப் பற்றித்தான். 24 வயதுப் பெண் அமைச்சரை அடித்துவிட்டாள் என்பது செய்தி. அந்தப் பெண் சொல்ல வந்தது என்ன என்று கேட்டவர்கள் குறைவு. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. அறை விழாமல் இருந்திருந்தால், மறுக்கப்பட்ட சாட்சி என்பதே செய்தியாகியிருக்கும். ஆனால் முந்தின நாள் பிணங்களுக்கு நடுவே இருந்துவிட்டு வந்தவரிடம் பத்திரிகைத் தந்திரம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அன்று மாலையே ஹீத், தலைமை நீதிபதி லார்டு விட்ஜெரியை அழைத்துப் பேசினார். நாம் ராணுவப் போர் மட்டும் நடத்தவில்லை, பிரச்சாரப் போரும் நடத்துகிறோம் என்பதை நினைவில் வைக்கச் சொன்னார். அந்தச் சந்திப்பின் குறிப்பு இருபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் வெளியே வந்தது. விசாரணை விட்ஜெரியிடமே ஒப்படைக்கப்பட்டது. ஏப்ரலில் வந்த அறிக்கை சிப்பாய்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது.

பிப்ரவரி 2 அன்று டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகத்தை மக்கள் கூட்டம் கொளுத்தியது. மார்ச்சில், ஐம்பது ஆண்டு ஆண்ட ஸ்டோர்மான்ட் ஆட்சியை லண்டன் முடக்கியது. ஜூலையில் மாட்லிங் பதவி விலகினார். டெர்ரிக்காக அல்ல, ஒரு கட்டடக்கலைஞரின் ஊழல் விவகாரத்தில்.

பெர்னடெட்டின் சாட்சியத்தை அரசு அமர்த்திய ஒரு விசாரணை மன்றம் கேட்டது 2001இல். லார்டு சேவில் தலைமையிலான இரண்டாவது விசாரணையில். அது நடந்த கட்டடம் கில்ட்ஹால். அன்று ஊர்வலம் போய்ச் சேர முடியாத அதே கில்ட்ஹால். 2010இல் அறிக்கை வந்தது. கொல்லப்பட்டவர்களில் யாரும் ஆபத்து விளைவிக்கும் நிலையில் இல்லை என்றது. பிரதமர் டேவிட் கேமரூன் காமன்ஸ் சபையில் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் நாம் 1972இல் இருக்கிறோம். அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு எம்.பி. பதவி பாக்கி. 1974 பிப்ரவரியில் அடுத்த தேர்தல் வரும்.

அதில் மிட் அல்ஸ்டரில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் பெயர் ஐவன் கூப்பர். புராட்டஸ்டன்ட். சட்டைத் தொழிற்சாலை மேலாளராக இருந்தவர். கத்தோலிக்கர்களின் உரிமைக்காகத் தன் சமூகத்தையே பகைத்துக்கொண்டவர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர்.

அந்தத் தொகுதியில் எதிர்ப்பு வாக்கு பிரிந்தால் யார் உள்ளே வருவார் என்பதை 1956 காட்டியிருந்தது. கூப்பருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. பிறகு ஏன் நின்றார்?

(தொடரும்)